குறையாமல் கடத்தப்படும்

வெள்ளவத்தைப் பாலத்தில் கால் தரையைத் தொட்டது.
கிளச் மிதி போன இடத்திலேயே கிடந்தது.
பிடரியில் நூறாம் நம்பர் பஸ்ஸின் ஹோர்ன்.
எஞ்சினை அணைத்து, முதலாம் கியரைச் செருகி
சாவியைத் திருப்ப, அறுபதாம் ஆண்டு ஒஸ்ரின் கார்
விக்கல் எடுத்தபடி நகர்ந்தது.
சந்தை முன்னால் ஒருமுறை, கோயில் திருப்பத்தில் ஒருமுறை
அணைத்து, செருகி, விக்கி,
கடற்கரை ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்தோம்
நானும் அதுவும், ஒருவரையொருவர் மன்னிக்காமல்.

அடைத்த திரவத்தில் கொடுத்த அமுக்கம்
எல்லாத் திசைக்கும் குறையாமல் கடத்தப்படும்.
இருபத்திரண்டு வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்கு
இதைக் கரும்பலகையில் எழுதியவள்
ஞாயிறு காலை காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து
அதே வரியை முணுமுணுத்தேன்.
குடுவையில் பிரேக் ஒயில் கழுத்து மட்டம்.
மிதிக்குக் கீழே கம்பளம் காய்ந்திருந்தது.
கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையை உரித்தேன்:
உப்புக் காற்றின் துரு, ஈரம் இல்லை.
மேலதை மாஸ்டர் என்பார்கள். கீழதன் பெயரை
வகுப்பில் நான் மொழிபெயர்ப்பதில்லை.
ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.
பிறகு அமுக்கம் எங்கே போனது?

காற்றாக இருக்கும், எடுத்துவிடலாம் என்று தொடங்கினேன்.
ஜாம் போத்தல், மீன்தொட்டிக் குழாய், ஒரு ஸ்பானர்.
ஆள்தான் இல்லை.
மிதிக்கும் சீற்றுக்கும் நடுவில்
விளக்குமாற்றுத் தடியை முட்டுக் கொடுத்தேன். வழுக்கியது.
மூன்றாம் முறை அது விழுந்தபோது
கதவு திறந்தது. நிலத்தில் இரண்டு செருப்பு கழன்றன.
மேல்வீட்டு ருக்மலின் செருப்பு.

சித்திரையிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
ஒரே மீற்றர், இரண்டு வீடு,
தண்ணீர் பில்லில் யாருக்கு எத்தனை அலகு என்ற வழக்கு
கேற்றில் செருகும் துண்டுக் காகிதங்களில் நடக்கிறது.

"பாகன்னத?" என்றார் மேலிருந்து.
"பாகன்ன," என்றேன் கீழிருந்து.
நிப்பிளை அரைச்சுற்றுத் திறந்தேன்.
பிளேன்ரீ நிறத்தில் எண்ணெய், இரண்டு குமிழி.
மூடினேன். "அதாரின்ன."
மிதிக்க ஒரு சொல், விட ஒரு சொல்.
இத்தனை மாதத்தில்
எங்களுடைய நீளமான பேச்சு அதுதான்.

குமிழி நின்றது. "அல்லன் இன்ன," என்றேன்.
பிடித்துக்கொண்டிருந்தார்.
கடலோரம் ரயில் ஒன்று போய் முடிந்தது.
"பஹினவா, மிஸ்."
இறங்குகிறதாம். காலுக்கடியில், தானாக, மெல்ல.
நிப்பிள் மூடியிருக்கிறது, குடுவை நிறைந்திருக்கிறது,
ஆனாலும் இறங்குகிறதாம்.

அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது.
மாஸ்டருக்குள்ளேயே சீலின் உதடு மழுங்கி
எண்ணெய் அதைச் சுற்றிக்கொண்டு
பின்வாசலால் குடுவைக்கே திரும்புகிறது.
இந்தக் கசிவுக்கு நிலத்தில் கறை கிடையாது.
மிதித்துக்கொண்டிருக்கும் காலுக்கு மட்டும் தெரியும்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் பழைய சீலைச்
சுண்டுவிரலில் மாட்டி வெளிச்சத்தில் பார்த்தார்.
"இது மௌத்தாகி நாளாச்சு, டீச்சர். கார் ஒங்களுக்குச் சொல்லல்ல."
ஆயிரத்து எண்ணூறில் தொடங்கி ஆயிரத்து நானூறில் நின்றோம்.
உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று
இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.
அப்படியும் ஒருமுறை தலைகீழாகப் போட்டேன்.
அதற்குள் இருட்டிவிட்டது.

மறு சனி. பாகன்ன, அதாரின்ன.
பதினோராவது மிதியில் கனம் வந்தது.
அவர் சிரித்தது சீற்றின் ஸ்பிரிங்கில் கேட்டது.
குடுவையை நிரப்பப்போய், கை தவறி
ஒரு கோடு எண்ணெய் மட்காட்டில் வழிந்தது.
பெயின்ற்றைத் தின்றுவிடுமே!
தண்ணி, தண்ணி என்று தமிழிலேயே கத்தினேன்.
ருக்மல் முற்றத்துக் குழாயை முழுதாகத் திறந்து
அரை வாளியோடு ஓடிவந்து ஊற்றினார்,
மறுபடி ஓடினார், மறுபடி ஊற்றினார்.
குழாயை யாரும் மூடவில்லை.
மதிலோரம் மீற்றர் கிறுகிறுவென்று சுற்றும் சத்தம்
இரண்டு பேருக்கும் கேட்டது.